ஈபிள் கோபுரத்தில் அம்மாவுடன் ஏறுவது: உச்சியா, இரண்டாம் தளமா?

கோண்டாவிலான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். லாச்சப்பல் மாணிக்க விநாயகர் ஆலயத் தேரை ஒட்டி, ஓகஸ்ட் மாதக் கடைசியில் தங்கையின் வீட்டுக்குப் பாரிஸ் போகவிருக்கிறோம். என்னுடன் அம்மாவும் மகனும் வருகிறார்கள். அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. எழுபது வயதைக் கடந்தவர். முழங்கால் வலி இருந்தாலும் நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வீதியைச் சுற்றி வரத் தவறாதவர். மகன் உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படித்துவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கிறான். தங்கையைக் கேட்டால், அந்த நகரத்தில் இத்தனை காலம் இருந்தும் ஈபிள் கோபுரத்தில் தான் ஒருமுறையும் ஏறியதில்லை என்று சிரிக்கிறாள். ஆகவே உங்களிடம் கேட்கிறேன்.

மின்தூக்கியில் உச்சிவரை போவதா, இரண்டாம் தளத்துடன் நிறுத்திக்கொள்வதா? படிகளால் ஏறுவது சாதாரண உடல்நிலை உள்ளவருக்கு இயலுமா? நுழைவுச்சீட்டை யாழ்ப்பாணத்தில் இருந்தபடியே வாங்கிவிட வேண்டுமா, அங்கு போன பின்பு வரிசையில் நிற்பதா? அனுபவமுள்ளவர்கள் விரிவாக எழுதினால் உதவியாக இருக்கும்.

லாச்சப்பல்வாசி எழுதியது:

வணக்கம் அண்ணா. உங்கள் தங்கையைக் குறைசொல்ல வேண்டாம். இங்குள்ள எங்களில் பலரும் ஊரிலிருந்து யாராவது வந்தால்தான் அந்தப் பக்கம் போகிறோம்.

முதலில் கோபுரத்தின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் சீட்டு வகைகளெல்லாம் அதைப் பொறுத்தவை. தரையிலிருந்து 57 மீற்றர் உயரத்தில் முதலாம் தளமும், ஏறத்தாழ 115 மீற்றரில் இரண்டாம் தளமும், 276 மீற்றரில் உச்சித் தளமும் இருக்கின்றன. இரண்டாம் தளம் வரைக்கும் மின்தூக்கியிலோ தெற்குக் காலின் உள்ளே அமைந்த படிகளிலோ போகலாம். அதற்கு மேலே பார்வையாளர்களுக்குப் படி இல்லை. உச்சிக்குப் போக விரும்புபவர் யாராயினும் இரண்டாம் தளத்தில் இன்னொரு மின்தூக்கிக்கு மாறியே ஆக வேண்டும். ஆகவே படிகளால் இரண்டாம் தளத்துக்கு, மின்தூக்கியால் இரண்டாம் தளத்துக்கு, படியும் மின்தூக்கியும் சேர்ந்து உச்சிக்கு, முழுவதும் மின்தூக்கியால் உச்சிக்கு என்று சீட்டுகள் நான்கு வகைப்படும்.

2024 யூனில் கட்டணம் உயர்ந்தபோது, மின்தூக்கியால் உச்சிக்குப் போகும் பெரியவருக்கான சீட்டு 29.40 யூரோவிலிருந்து 35.30 யூரோவாகியது, அதன் பின்னரும் சற்று ஏறியிருக்கிறது. படிகளால் இரண்டாம் தளத்துக்குப் போவதற்கு அதில் பாதிகூட ஆகாது. 12 முதல் 24 வயது வரையானவர்களுக்குக் குறைந்த கட்டணம் உண்டு. எந்த நாட்டவர் என்று பார்ப்பதில்லை. மகனின் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள்.

மின்தூக்கிச் சீட்டுகள் கோபுரத்தின் இணையத்தளத்தில் 60 நாள்களுக்கு முன்னதாகவே விற்பனைக்கு வரும். படிச் சீட்டுகள் 14 நாள்களுக்கு முன்னரே வரும். கோடை விடுமுறையில் மின்தூக்கிச் சீட்டுகள், அதிலும் மாலை நேரத்துக்கானவை, விரைவில் தீர்ந்துவிடும். படிச் சீட்டு மட்டும் அன்றன்று தெற்குக் காலடியில் வாங்கிக்கொள்ளக்கூடியதாக இருக்கும். விசா கைக்கு வந்த பின்னர் தாமதிக்காமல் மின்தூக்கிச் சீட்டை வாங்கிவிடுங்கள். கூகுளில் தேடும்போது மேலே வரும் இடைத்தரகர்களின் தளங்களில் அகப்பட்டு இரட்டிப்பு விலை கொடுக்காதீர்கள்.

சுன்னாகத்துப் பயணி எழுதியது:

இவ்வளவு தூரம் பறந்து போய், அத்தனை பணத்தைச் செலவழித்து, இரண்டாம் தளத்தோடு திரும்பி வருவது எனக்கு நியாயமாகப் படவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து போகிறவருக்கு மறுமுறை வாய்ப்புக் கிடைக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? உச்சிக்கே போங்கள். வானம் தெளிவாக இருக்கும் நாளில் ஏறத்தாழ 60 கிலோமீற்றர் தூரம் வரை தெரியும். கண்ணாடியால் மூடிய ஒரு தளமும் அதற்கு மேலே திறந்த தளம் ஒன்றும் அங்கு இருக்கின்றன. குஸ்தாவ் ஈபிள் தமக்கென்று அமைத்துக்கொண்ட சிறிய அறையில், 1889 இல் அவரைச் சந்திக்க வந்த தோமஸ் எடிசனுடன் அவர் அமர்ந்திருப்பதுபோல உருவங்களை வைத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு அதைக் காட்டாமல் கூட்டி வருவது முறையல்ல.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். கீழே வெயில் கொளுத்தினாலும் உச்சியில் காற்று மிகக் குளிராக இருக்கும். பெரியவர்களுக்குக் கம்பளிச் சட்டையும் தலைக்கு ஒரு சால்வையும் கட்டாயம் தேவை. காற்று கடுமையானால் உச்சித் தளத்தை மூடிவிடுவார்கள். அப்படி நடந்தால் அன்றைய நாளை நொந்துகொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

பழைய பொறியியலாளர் எழுதியது:

சுன்னாகத்துத் தம்பியின் ஆர்வம் விளங்குகிறது. ஆனாலும் எனது கருத்து நேர்மாறானது. ஈபிள் கோபுரத்தில் பார்க்க வேண்டியது பாரிஸ் நகரம் அல்ல, அந்தக் கோபுரமே. அதனைப் பார்க்கச் சிறந்த வழி, கால்கள் இடங்கொடுக்குமானால், படிகள்தான்.

காரணத்தைச் சொல்கிறேன். அது உருக்கினால் செய்யப்பட்டதன்று, தேனிரும்பினால் செய்யப்பட்டது. 18,038 இரும்புத் துண்டுகளை 25 இலட்சம் றிவெற் ஆணிகள் இணைத்து நிற்கின்றன; இரும்புச் சட்டகத்தின் நிறை மட்டும் ஏறத்தாழ 7,300 தொன். துண்டுகளை நகருக்கு வெளியே லெவல்லுவா பெரே என்ற இடத்திலிருந்த ஈபிளின் தொழிற்சாலையிலேயே வெட்டி, துளையிட்டு, ஆணிகளில் பெரும்பகுதியை அங்கேயே அடித்து, ஓரளவு பெரிய பாகங்களாகக் கொண்டுவந்து பூட்டினார்கள். களத்தில் நால்வர் கொண்ட குழு ஒவ்வோர் ஆணியையும் அடித்தது: ஒருவர் காய்ச்ச, ஒருவர் பிடிக்க, ஒருவர் தலையை உருவாக்க, ஒருவர் சம்மட்டியால் அடித்து முடிப்பார். சூடாக இருக்கும் ஆணி குளிரும்போது சுருங்கி இரண்டு தகடுகளையும் இறுக்கிப் பிடிக்கும்; நமது ஊர்க் கொல்லர்கள் வண்டிச் சில்லுக்கு இரும்பு வளையத்தைக் காய்ச்சிப் பூட்டியதும் இதே சுருக்கத்தை நம்பித்தான். மின்தூக்கியில் இந்த ஆணிகள் ஒரு கணத்தில் கண்ணுக்கு முன்னால் ஓடி மறையும். படியில் போகும்போது கைக்கெட்டும் தூரத்தில் ஒவ்வொன்றாக எண்ணலாம்.

இன்னொன்று. நான்கு கால்களும் 125 மீற்றர் பக்கமுள்ள சதுரத்தின் நான்கு மூலைகளிலிருந்து உட்புறமாகச் சாய்ந்து எழுகின்றன. முதலாம் தளத்தில் அவை ஒன்றோடொன்று இணைக்கப்படும் வரை, சாய்ந்து நிற்கும் அந்தக் கால்களை மரச் சாரங்கள் தாங்கின. சாரத்துக்கும் காலுக்கும் இடையே மணல் நிரப்பிய பெட்டிகளை வைத்திருந்தார்கள். மணலைச் சிறிது சிறிதாக வெளியேற்றினால் கால் இறங்கும். அடியில் வைத்த நீரியல் உயர்த்திகளால் அதனை மேலே தூக்கவும் முடிந்தது. இவ்வாறு, இத்தனை பெரிய இரும்புக் கூட்டத்தை மில்லிமீற்றர் கணக்கில் அசைத்து, 1887 டிசம்பரில் முதலாம் தளத்தைப் பொருத்தினார்கள். 1887 சனவரி 28 இல் அத்திவாரம் தோண்டத் தொடங்கி 1889 மார்ச் 31 இல் வேலையை முடித்துவிட்டார்கள். இன்று நம் நாட்டில் ஒரு சிறிய பாலத்துக்கு எடுக்கும் காலத்தை நினைத்துப் பாருங்கள்.

அதன் வளைவைப் பலர் அலங்காரம் என்று எண்ணுகிறார்கள். முதல் வரைபடத்தைத் தீட்டிய மொரிஸ் கெக்லின், எமில் நுகியே இருவரும் ஈபிளின் நிறுவனத்துப் பொறியியலாளர்கள். அவர்களுக்கு முக்கிய எதிரி காற்று. காற்றின் விசை மேலே போகப் போக எவ்வாறு தாங்கப்பட வேண்டும் என்ற கணக்கே அந்த வளைவைத் தீர்மானித்தது. கால்களுக்கிடையே இருக்கும் பெரிய வில்வளைவுகள் மட்டும் கட்டடக் கலைஞர் ஸ்ரெபன் சோவெஸ்ரரின் அழகூட்டல். கோபுரம் இன்றும் காற்றில் சில சென்ரிமீற்றர் அசைகிறது. வெயில் படும் பக்கம் அதிகம் விரிவதால் உச்சி சூரியனுக்கு எதிர்ப்புறமாகச் சற்று விலகுகிறது. கடுங்கோடையில் உயரம் 15 சென்ரிமீற்றர் வரை கூடலாம்.

படிகளின் எண்ணிக்கை 674. சராசரி உடல்நிலை உள்ளவர் நின்று நின்று ஏறினாலும் முக்கால் மணித்தியாலத்துக்குள் இரண்டாம் தளத்தை அடைந்துவிடலாம். படிகள் செங்குத்தானவை அல்ல, இடையில் மேடைகள் உண்டு, இருபுறமும் கம்பி வலை இருப்பதால் விழுவோம் என்ற பயத்துக்கும் இடமில்லை. உயரத்தைக் கண்டு தலைசுற்றுபவர்கள் மட்டும் இடைவெளிகளினூடாகக் கீழே பார்க்காமல் ஏறுவது நல்லது.

தீவகத்தவள் எழுதியது:

எல்லோரும் எதில் ஏறுவது என்று விவாதிக்கிறீர்கள். ஏறத்தான் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லையே. மூன்று பேரும் மின்தூக்கியில் உச்சிக்குப் போனால் எவ்வளவு ஆகும் என்று ரூபாயில் கணக்குப் பார்த்தால், ஊரில் ஒரு குடும்பத்தின் மாதச் சாப்பாட்டுச் செலவில் பாதி போய்விடும். பாதுகாப்புச் சோதனையைக் கடந்தால் கோபுரத்தின் அடியில், நான்கு கால்களுக்கு நடுவே, ஒரு சதமும் கொடுக்காமல் நின்று அண்ணாந்து பார்க்கலாம். அங்கேயே பூங்காவும் இருக்கிறது. பொறியியலாளர் ஐயா சொல்லும் ஆணிகளையும் சட்டங்களையும் அங்கு நின்றும் காணலாம். ஆற்றுக்கு அக்கரையில் திரொக்கடேரோ மேட்டிலிருந்து முழுக் கோபுரமும் தெரியும். நான் அப்படித்தான் பார்த்தேன். எனக்கு எந்தக் குறையும் தோன்றவில்லை.

உயரம்தான் வேண்டுமென்றால் கொழும்புத் தாமரைக் கோபுரம் 350 மீற்றர். ஈபிள் கோபுரம், 2022 இல் பொருத்திய அலைக்கம்பத்தையும் சேர்த்து 330 மீற்றர்தான். யாழ்தேவியில் ஏறிப் போய் வந்துவிடலாம்.

சுன்னாகத்துப் பயணி எழுதியது:

அக்கா, தாமரைக் கோபுரத்தை 2022 செப்ரெம்பரில்தான் மக்களுக்குத் திறந்தார்கள். உயரத்தை மட்டும் வைத்து ஒப்பிடுவதாக இருந்தால் ஈபிள் கோபுரம் 1930 இல், நியூயோர்க்கில் கிறைஸ்லர் கட்டடம் எழுந்தபோதே தோற்றுவிட்டது. மக்கள் அங்கு போவது உயரத்துக்காக அல்ல.

பழைய பொறியியலாளர் எழுதியது:

அடியில் நின்று பார்க்கலாம் என்று தீவகத்துத் தங்கை சொன்னது மிகச் சரியானது, பணம் இல்லாதவர்கள் அதையே செய்ய வேண்டும். வயதுப் பொருத்தம் பார்த்தால் ஈபிளுக்கு அருகில் வைக்க வேண்டியது தாமரைக் கோபுரம் அல்ல, நமது யாழ்ப்பாண மணிக்கூட்டுக் கோபுரம். வேல்ஸ் இளவரசர் 1875 இல் இலங்கை வந்ததன் நினைவாக எழுப்பப்பட்ட அது, போரில் சேதமடைந்து, பின்பு திருத்தப்பட்டு, இன்றும் நேரம் காட்டுகிறது. அதில் ஏற நமக்கு அனுமதி இல்லை என்பதே எனது மனக்குறை. பருத்தித்துறை வெளிச்சவீட்டையும் தூரத்தில் நின்றே பார்க்கிறோம். தலைப்பை விட்டு விலகுவதாக நினைக்க வேண்டாம். ஏற அனுமதிக்கும் பழைய கோபுரம் ஒன்று எதிரே நிற்கும்போது ஏறாமல் வருவது எனக்குக் கைவரவில்லை.

கோண்டாவிலான் எழுதியது:

எழுதிய எல்லோருக்கும் நன்றி. இந்த இழையை வாசித்ததிலிருந்து மகன் படிகளால்தான் ஏறுவேன் என்று நிற்கிறான். அம்மாவும் அதைக் கேட்டுவிட்டு, ஆறுதலாக ஏறினால் தன்னாலும் முடியும் என்கிறார். அவரைத் தடுப்பதா, விடுவதா என்று தெரியவில்லை.

தாதிய உத்தியோகத்தர் எழுதியது:

அண்ணா, தயவுசெய்து விடாதீர்கள். முழங்கால் தேய்வு உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதே கூடுதல் தீங்கு. இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் உடலின் முழுப் பாரமும், அதற்கு மேலும், வளைந்த முழங்காலில் விழுகிறது. வீதியைச் சுற்றி நடப்பது சமதரை நடை. அதனை வைத்து 674 படிகளை மதிப்பிட முடியாது. பாதிவழியில் வலி பிடித்தால் அங்கு மின்தூக்கி இல்லை. முதலாம் தளம் வரும் வரை ஏறவோ, வந்த வழியே இறங்கவோதான் வேண்டும். இதய நோயோ கட்டுப்படாத குருதியழுத்தமோ உள்ளவர்களுக்கும் படி ஏற்றதல்ல. அம்மா மாத்திரை எடுப்பவராக இருந்தால் அவரது மருத்துவரிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்ளுங்கள்.

மின்தூக்கியில் போனாலும் நீண்ட நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம். நுழைவாயிலில் ஒரு சோதனை, காலடியில் இன்னொரு சோதனை, மின்தூக்கிக்கு ஒரு வரிசை, உச்சிக்குப் போவதானால் இரண்டாம் தளத்தில் மறுபடியும் ஒரு வரிசை, பிறகு இறங்குவதற்கும் வரிசை. முழங்கால் வலியுள்ள ஒருவருக்கு உச்சியின் விலை பணமாக மட்டும் போகாது. என் தனிப்பட்ட எண்ணம், அம்மாவுக்கு இரண்டாம் தளம் போதும் என்பது. சக்கர நாற்காலியில் வருபவர்களையும் பாதுகாப்புக் காரணத்தால் இரண்டாம் தளத்துக்கு மேலே அனுமதிப்பதில்லை.

பௌதிகவியல் ஆசிரியர் எழுதியது:

உங்கள் மகன் கணிதப் பிரிவு மாணவன் என்று வாசித்ததால் எழுதுகிறேன். அவனுக்கு அந்தக் கோபுரம் ஏற்கனவே அறிமுகமானதுதான். பாடப்புத்தகத்தில் சந்தித்தவர்கள் அதன்மேல் வரிசையாக நிற்கிறார்கள். முதலாம் தளத்துக்குச் சற்றுக் கீழே, வெளிப்புறமாக நான்கு பக்கமும் சுற்றி ஓடும் பட்டியில், பக்கத்துக்கு 18 பேராக 72 அறிவியலாளர்கள், பொறியியலாளர்களின் பெயர்களை ஈபிள் பொறித்தார். அம்பியர், கூலோம், கேலுசாக், இலவோசியே, பூரியே, இலப்பிளாஸ், கொறியோலிஸ் எல்லோரும் இருக்கிறார்கள். எழுத்துகள் 60 சென்ரிமீற்றர் உயரமானவை. தரையில் நின்று வெறுங்கண்ணாலேயே வாசிக்கலாம். ஏறிய பின் அவற்றை ஒழுங்காகப் பார்க்க முடியாது, எனவே ஏறுவதற்கு முன் நான்கு பக்கமும் ஒருமுறை சுற்றி வரச் சொல்லுங்கள். அந்த 72 பேரில் ஒரு பெண்கூட இல்லை. விசைபட்டு வளையும் பொருள் மீண்டும் பழைய வடிவம் பெறுவதைக் கூறும் மீள்தன்மைக் கொள்கைக்குப் பங்களித்த கணிதவியலாளர் சோபி ஜேர்மன் விடுபட்டது, இப்படி ஒரு கோபுரத்தைப் பொறுத்தவரை, மன்னிக்கக்கூடியதல்ல.

அந்தக் கோபுரம் நமக்காக இன்னும் நிற்பதற்கும் அறிவியலே காரணம். 1889 உலகக் கண்காட்சிக்காகக் கட்டியபோது 20 ஆண்டு அனுமதிதான் இருந்தது. அதன் பின் பாரிஸ் நகரசபை அதனைக் கழற்றிவிடலாம். ஈபிள் அதற்கு ஒரு பயனைக் கண்டுபிடிப்பதில் தமது முதுமையைச் செலவழித்தார். உச்சியில் வானிலை அவதானிப்பு நடந்தது. அடியில் காற்றுச் சுரங்கம் ஒன்றை அமைத்து விமானச் சிறகுகளைச் சோதித்தார். 1898 இல் அங்கிருந்து ஏறத்தாழ 4 கிலோமீற்றர் தூரத்திலுள்ள பந்தெயோன் என்ற கட்டடத்துக்குக் கம்பியில்லாத் தந்தி அனுப்பப்பட்டது. சில ஆண்டுகளில் இராணுவம் அதை அலைக்கம்பமாகப் பயன்படுத்தத் தொடங்கியதும், கழற்றும் பேச்சு அடங்கியது.

எனக்கு மிகவும் பிடித்த நிகழ்ச்சி 1910 இல் நடந்தது. தெயோடோர் வுல்ப் என்ற இயேசுசபைத் துறவி கதிர்ப்பை அளக்கத் தாமே வடிவமைத்த மின்மானியை உச்சிக்குக் கொண்டு போனார். வளியை அயனாக்கும் கதிர்ப்பு முழுவதும் நிலத்திலிருந்தே வருகிறதென்றால், அந்த உயரத்தில் அது மிகவும் குறைந்திருக்க வேண்டும். குறைந்திருந்தது, ஆனால் எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை. இரண்டு ஆண்டுகளின் பின்னர் விக்ரர் ஹெஸ் பலூனில் ஏறி, மேலே போகப் போகக் கதிர்ப்புக் கூடுவதைக் காட்டினார்; அண்டக் கதிர்களின் கண்டுபிடிப்பு அதுவே. மகன் உச்சிக்குப் போக வேண்டும் என்று நான் சொல்வதற்கு இந்த ஒரு காரணம் போதும். மற்றவர்கள் போகாவிட்டாலும் அவன் போகட்டும்.

லாச்சப்பல்வாசி எழுதியது:

போக்குவரத்தையும் நேரத்தையும் பற்றி எழுதாமல் விட்டுவிட்டேன். லாச்சப்பலில் 2 ஆம் இலக்க மெற்றோவில் போர்த் டோபின் திசையில் ஏறி, சார்ள் து கோல் எத்துவாலில் இறங்கி, 6 ஆம் இலக்கத்துக்கு மாறுங்கள். திரொக்கடேரோவில் இறங்கினால் மேட்டிலிருந்து முழுக் கோபுரத்தையும் பார்த்துக்கொண்டே படிகளால் இறங்கி, பாலத்தைக் கடந்து போகலாம். ஆனால் அம்மாவின் முழங்காலுக்கு அது ஒத்துவராது. அவருடன் பீர் ஹக்கெய்ம் நிலையம் வரை போய் இறங்குங்கள். பஸி நிலையத்துக்கும் பீர் ஹக்கெய்முக்கும் இடையே மெற்றோ நிலத்துக்கு மேலே வந்து சென் ஆற்றைப் பாலத்தால் கடக்கும். இடது பக்கம் அமர்ந்திருந்தால் கோபுரம் முழுவதும் தெரியும்.

ஓகஸ்ட் கடைசியில் இங்கு இரவு எட்டரை மணிக்குப் பின்னரே சூரியன் மறையும். ஊரில் ஆறரைக்கு இருட்டிப் பழகியவர்களுக்கு இந்தக் கணக்குப் பிழைத்துவிடும். இருட்டிய பின் ஒவ்வொரு மணித்தியாலத்தின் தொடக்கத்திலும் 5 நிமிடம் 20,000 மின்குமிழ்கள் மினுங்கும். அதைப் பார்க்க மேலே இருக்கத் தேவையில்லை. கீழே பூங்காவில் நின்றால்தான் நன்றாகத் தெரியும். பிற்பகல் ஆறு மணியளவில் ஏறி, வெளிச்சத்தில் நகரத்தைப் பார்த்துவிட்டு, பொழுது சாயும்போது இறங்கி, மினுங்கலைப் புல்தரையில் இருந்து பார்ப்பதே நல்ல ஒழுங்கு.

பெரிய பயணப்பைகளுக்கும் கண்ணாடிப் போத்தல்களுக்கும் அனுமதி இல்லை. பொருள்களை வைத்துச் செல்லவும் இடம் கிடையாது. சுற்றுப்புறத்தில் மூன்று கிண்ணங்களைக் கவிழ்த்துப் பந்தயம் கட்டச் சொல்பவர்கள் இருப்பார்கள், சுற்றி நின்று வெல்பவர்களும் அவர்களுடைய ஆட்களே. கையெழுத்துக் கேட்டு வருபவர்களிடமும் நிற்க வேண்டாம். பணப்பை, கைபேசி, அம்மாவின் சங்கிலி எல்லாம் கவனம். கோபுரத்தின் உள்ளேயே சீருடை அணிந்தவர்கள் கள்வர்களைப் பற்றி எச்சரிப்பதைக் கேட்பீர்கள்.

தீவகத்தவள் எழுதியது:

நான் ஏறாதே என்று சொல்லவில்லை, ஏறாமலும் வரலாம் என்றுதான் சொன்னேன். ஒரு கேள்வி: உப்புக் காற்றில் இரும்பு எத்தனை நாள் தாங்கும் என்பதைத் தீவுப்பகுதியில் இருக்கும் எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. 130 ஆண்டுக்கு மேலாக அந்தத் தேனிரும்பு எப்படித் துருவேறாமல் நிற்கிறது?

பழைய பொறியியலாளர் எழுதியது:

கடல் அங்கு அருகில் இல்லை என்பது ஒன்று. மற்றது வண்ணப்பூச்சு. ஏறத்தாழ 7 ஆண்டுகளுக்கு ஒருமுறை 60 தொன் வண்ணத்தை, பெரும்பாலும் கையால், தூரிகை கொண்டு பூசுகிறார்கள். வண்ணத்தை அலட்சியம் செய்தால் கோபுரம் இல்லை என்று ஈபிளே அறிந்திருந்தார். நீண்ட காலமாகக் கீழே கடுமையாகவும் மேலே போகப் போக இளம் நிறமாகவும் மூன்று சாயலில் பூசி வந்தார்கள், வானத்தின் பின்னணியில் முழுவதும் ஒரே நிறமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. படியில் போகிறவர் துருவேறிய இடங்களையும் பழைய பூச்சுகளின் தடிப்பையும் நேரில் பார்க்கலாம். என் வாதத்துக்கு அதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

மகனுக்கு ஒன்று. இரண்டாம் தளத்திலிருந்து உச்சிக்கு முன்னர் சுழற்படி ஒன்று இருந்தது. 1889 இல் பொருத்திய நீரியல் மின்தூக்கி குளிர்காலத்தில் நீர் உறைவதால் இயங்காது. 1983 இல் மின்சாரத்தால் இயங்கும் மின்தூக்கிகள் வந்தபோது அந்தச் சுழற்படியை எடுத்து, 24 துண்டுகளாக வெட்டி, பெரும்பாலானவற்றை ஏலத்தில் விற்றுவிட்டார்கள். ஒரு துண்டை முதலாம் தளத்தில் வைத்திருக்கிறார்கள். மின்தூக்கியில் போகிறவர்கள் நேரே இரண்டாம் தளத்துக்குப் போய்விடுவதால் பலர் அதைக் காண்பதில்லை. 2014 முதல் அங்கு கண்ணாடித் தரையும் இருக்கிறது.

கோண்டாவிலான் எழுதியது:

முடிவுக்கு வந்துவிட்டோம். அம்மாவும் தங்கையும் மின்தூக்கியால் இரண்டாம் தளத்துக்கு வருவார்கள். நானும் மகனும் படிகளால் ஏறி, முதலாம் தளத்தில் அந்தச் சுழற்படியைப் பார்த்துவிட்டு, இரண்டாம் தளத்தில் அவர்களைச் சந்திப்போம். மகனுக்கு மட்டும் படியும் மின்தூக்கியும் சேர்ந்த உச்சிச் சீட்டு. வுல்ப் துறவியின் கதையை வாசித்த பின் அவனை இரண்டாம் தளத்தில் நிறுத்தி வைக்க முடியாது. அவன் மேலே போய் வரும்வரை நான் அம்மாவுடன் இருப்பேன். சுன்னாகத்துத் தம்பி குறைநினைக்க வேண்டாம். அம்மாவிடம் இதைச் சொன்னபோது, 72 பெயர்களையும் தனக்கு ஒரு தாளில் எழுதித் தரும்படி கேட்டார். பிறகு, அந்த விடுபட்ட பெண்ணின் பெயரையும் சேர்த்து எழுது என்றார்.

சுன்னாகத்துப் பயணி எழுதியது:

குறைநினைக்கவில்லை அண்ணா. ஆனால் மகன் உச்சியிலிருந்து எடுக்கும் படங்களைப் பார்த்துவிட்டு அம்மா உங்களை ஏசினால் நான் பொறுப்பல்ல.

லாச்சப்பல்வாசி எழுதியது:

ஒரு சிக்கலை மட்டும் கவனியுங்கள். மின்தூக்கிச் சீட்டு 60 நாள்களுக்கு முன்னும், படிச் சீட்டு 14 நாள்களுக்கு முன்னும் விற்பனைக்கு வருவதால் இரண்டையும் ஒரே நாளில் வாங்க முடியாது. முதலில் அம்மாவுக்கும் தங்கைக்கும் மின்தூக்கி நேரத்தை எடுத்துவிட்டு, பின்னர் உங்கள் படிச் சீட்டுகளை அதற்கு ஒரு மணித்தியாலம் முந்திய நேரத்துக்கு எடுங்கள். மாறி எடுத்தால் அம்மா மேலே காற்றில் நின்று உங்களைக் காத்திருக்க நேரும். சீட்டுகளைக் கைபேசியில் மட்டும் வைத்திருக்காமல் தாளிலும் அச்சிட்டு, அம்மாவினதைத் தங்கையின் கையில் கொடுத்துவிடுங்கள்.